பயந்த பூனையின் சர்க்கரை: மூளையைத் தூண்டினால் இரத்தத்தில் என்ன மாறுகிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வி இது: "எங்கள் பூனைக்கு ஒன்பது வயது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆட்டோவில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். காத்திருந்த நேரம் முழுவதும் பக்கத்தில் நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தன. இரத்தச் சர்க்கரை 238 என்று வந்தது. டாக்டர் பதறவில்லை. பயத்தில் ஏறியிருக்கும், வீட்டில் அமைதியாக இருக்கும்போது ஒருமுறை பாருங்கள் என்றார். மறுநாள் காலை காதில் குத்திப் பார்த்தோம், 94. பயம் மூளையில் நடப்பதுதானே? அப்படியானால் மூளையை நேரடியாகத் தூண்டினாலும் இரத்தம் மாறுமா? விலங்குகளில் யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?"

மாறும். சோதித்தும் பார்த்திருக்கிறார்கள், நூற்று எழுபது வருடத்துக்கும் மேலாக. சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் முப்பது வருடம் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மேற்படிப்பு ஆய்வே இந்த விஷயத்தில்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பூனை. 1911-ல் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியங்கியலாளர் செய்த சோதனையைத்தான் உங்கள் பூனை அந்தக் காத்திருப்பு அறையில் திரும்பச் செய்து காட்டியிருக்கிறது. கேனன் கூண்டுப் பூனைகளுக்கு எதிரே ஒரு நாயைக் குரைக்கவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பூனைகளின் சிறுநீரைச் சோதித்தால் அதில் சர்க்கரை இருந்தது. மனிதர்களுக்கு இரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். பூனைக்கு அந்த எல்லை இன்னும் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் வெறும் பயமே சர்க்கரையை எவ்வளவு தூரம் தூக்கியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எடுத்துவிட்ட பிறகு அதே பூனைகள் பயந்தன, ஆனால் சிறுநீரில் சர்க்கரை வரவில்லை. பயத்துக்கும் சர்க்கரைக்கும் நடுவே அந்தச் சுரப்பிகளின் ஹார்மோனான அட்ரினலின் இருக்கிறது என்பதை அவர் இப்படித்தான் காட்டினார்.

ஆனால் கேனன் மூளையைத் தொடவில்லை. தொட்டவர் அவருக்கு அறுபது வருடம் முந்தியவர், பாரிஸில் இருந்த கிளாட் பெர்னார்ட். 1849-ல் அவர் ஒரு முயலின் பின்மண்டை வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, மூளையின் கீழ்ப்பகுதியான முகுளத்தில், நான்காம் மூளையறை என்ற குழியின் தரையில் ஒரு புள்ளியைக் குத்தினார். இரண்டு மணி நேரத்துக்குள் முயலின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை ஏறிவிட்டது. கணையத்தில் கை வைக்கவில்லை, உணவில் இனிப்புச் சேர்க்கவில்லை. ஒரு ஊசிக்குத்து, அவ்வளவுதான். 'சர்க்கரைக் குத்து' என்றே அதற்குப் பெயர் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அவருடைய ஊகம் தவறிப்போனதுதான். மூளையிலிருந்து கட்டளை, முகுளத்தில் கிளம்பி நெஞ்சு, வயிற்று உறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது என்று அவர் நினைத்தார். வேகஸைத் துண்டித்துவிட்டு மறுபடியும் குத்தினார். அப்போதும் சர்க்கரை ஏறியது. தண்டுவடம் வழியாக இறங்கி வயிற்று உறுப்புகளுக்குப் போகும் பரிவு நரம்புகளை, அதாவது ஆபத்தில் உடலை உசுப்பிவிடும் நரம்புகளைத் துண்டித்தபோதுதான் நின்றது. அப்புறம் வந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பல நாள் பட்டினி போட்டுக் கல்லீரலைக் காலியாக்கிய விலங்கில் குத்தினால் எதுவும் நடப்பதில்லை. ஆக மூளை சர்க்கரையை உண்டாக்கவில்லை. கிடங்கைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறது.

அந்தக் கிடங்கின் அளவைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். வளர்ந்த ஒரு மனிதருடைய இரத்தம் முழுவதையும் சேர்த்தால் அதில் இருக்கும் குளுக்கோஸ் 4 அல்லது 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். கல்லீரலில் கிளைகோஜன் வடிவில் கிடப்பதோ சுமார் 100 கிராம். கிடங்குக் கதவு ஒரு விரற்கடை திறந்தாலே இரத்தத்தில் எண் எகிறிவிடும். அந்தக் கதவுக்கு மூளை ஏன் இவ்வளவு உரிமை கொண்டாடுகிறது என்றால், உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளைதான் ஓய்விலும் உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவு செய்கிறது. தனக்கென்று சேமிப்பும் அதற்குப் பெரிதாகக் கிடையாது.

சரி, இப்போது மின்சாரத்துக்கு வருவோம். மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி மனிதரில்கூட ஒரு பாதாம் பருப்பளவுதான். எலியில் மிளகளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நடுவில் ஒரு நரம்புத் திரள், பக்கவாட்டில் ஒரு பகுதி. நடுத்திரளை அழித்தால் எலி நிறுத்தாமல் தின்று பருத்துப்போகிறது என்று ஹெதரிங்டனும் ரான்சனும் 1940-ல் காட்டினார்கள். பக்கப் பகுதியை அழித்தால் எலி சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டினியில் செத்துப்போகிறது என்று 1951-ல் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர், பால கிருஷ்ண ஆனந்த். யேல் பல்கலைக்கழகத்தில் புரோபெக்குடன் சேர்ந்து அதைச் செய்தார். பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். உலகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற இந்திய உடலியங்கியல் கண்டுபிடிப்புகளில் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு. மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் அவர் பெயரைச் சொல்லாமல் அந்த வகுப்பை நான் முடித்ததில்லை.

அழித்தால் இப்படி. தூண்டினால்? இதற்கு மிகத் தெளிவான பதில் ஜப்பானிலிருந்து வந்தது. தகாஷி ஷிமாசுவும் கூட்டாளிகளும் 1966-ல் முயல்களில் ஹைப்போதலாமஸின் நடுத்திரளுக்கு மின்தூண்டல் கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை ஏறியது, கல்லீரல் கிளைகோஜன் குறைந்தது. பக்கப் பகுதியைத் தூண்டியபோது கிளைகோஜன் கூடியது. ஒரே கிடங்குக்கு இரண்டு மேலாளர்கள், ஒருவர் சரக்கை வெளியே அனுப்புகிறார், மற்றவர் உள்ளே அடுக்கச் சொல்கிறார். முதல் ஆள் பரிவு நரம்பு வழியாகப் பேசுகிறார், இரண்டாம் ஆள் வேகஸ் வழியாக. பெர்னார்டின் ஊகம் முழுக்கத் தவறில்லை என்பது எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது பாருங்கள். வேகஸும் கல்லீரலுடன் பேசத்தான் செய்கிறது, ஆனால் எதிர்த்திசையில்.

ஷிமாசு அங்கே நிற்கவில்லை என்பதுதான் அவர்மேல் எனக்குள்ள பெரிய மரியாதை. மூளையிலிருந்து வரும் கட்டளை ஹார்மோன் மூலம் வருகிறதா, நரம்பு மூலம் நேராக வருகிறதா என்று பிரித்துப் பார்க்க, கிளைகோஜனை உடைக்கும் பாஸ்பரிலேஸ் என்ற நொதியை அவர் கல்லீரலிலேயே அளந்தார். தூண்டல் தொடங்கி அரை நிமிடத்துக்குள் நொதியின் செயல்பாடு எகிறியிருந்தது. அட்ரினலின் இரத்தத்தில் கலந்து, சுற்றி வந்து, கல்லீரலைச் சேர்ந்து வேலை செய்வதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். அட்ரினல் சுரப்பியை அகற்றிய விலங்கிலும் இது நடந்தது. ஆக இரண்டு வழிகள். நரம்பு வழி வினாடிக் கணக்கில் வேலை செய்கிறது. ஹார்மோன் வழி சில நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் நீடிக்கிறது. கேனன் பார்த்தது பெரும்பாலும் இரண்டாவதை. உங்கள் பூனை ஆட்டோவில் ஏறிய கணத்தில் முதலாவது தொடங்கியிருக்கும், நாய்கள் குரைக்கக் குரைக்க இரண்டாவதும் சேர்ந்திருக்கும்.

கணையமும் இதில் சும்மா இருப்பதில்லை. அதே நடுத்திரளை எலிகளில் தூண்டியபோது குளுக்ககான் ஏறியதை 1970-களின் தொடக்கத்தில் ஃப்ரோமனும் பெர்னார்டிஸும் அளந்து எழுதினார்கள். குளுக்ககான் கல்லீரலைத் திறக்கும் ஹார்மோன். அதோடு சர்க்கரை ஏறுகிறபோது கூடவே ஏறவேண்டிய இன்சுலின் ஏறாமல் அடங்கியே இருந்தது. பரிவு நரம்பு கணையத்தையும் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஓடவேண்டிய விலங்குக்கு இது சரியான ஏற்பாடு. தசைக்குத் தேவையான நேரத்தில் சர்க்கரையைக் கொழுப்பில் கொண்டுபோய் அடைக்கச் சொல்லும் ஹார்மோன் எதற்கு?

ஆனால் இன்னொரு முடிவு இதைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. 1991-ல் ஷிமாசுவின் குழுவே, அந்த நடுத்திரளைத் தூண்டும்போது எலும்புத் தசையும் இதயமும், எரிந்து வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பும் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சுகின்றன என்று காட்டியது. இன்சுலின் ஏறாமலேயே. அதாவது மூளை ஒரு கையால் கிடங்கைத் திறந்துவிட்டு, மறு கையால் சரக்கு போய்ச் சேரவேண்டிய இடத்தையும் திறந்து வைக்கிறது. இரத்தத்தில் நாம் அளக்கும் எண் இந்த இரண்டுக்கும் நடுவே மிஞ்சியது மட்டும்தான். எண் மாறவில்லை என்பதால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இதை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

சர்க்கரை மட்டும்தான் மாறுகிறதா என்றால், இல்லை. கொழுப்புத் திசுவுக்கும் பரிவு நரம்புகள் போகின்றன, அதனால் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கூடும். நடுத்திரளைத் தூண்டினால் எலியின் பழுப்புக் கொழுப்பு சூடேறுகிறது என்பது 1981-ல் அளக்கப்பட்டது. ஹைப்போதலாமஸின் வேறொரு பகுதி பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் செய்தி அனுப்ப, எலியில் கார்டிகோஸ்டீரான் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். மனிதரில் அதன் இடத்தில் கார்டிசால். முயலின் ஹைப்போதலாமஸைத் தூண்டினால் கருமுட்டையே வெளியேறுகிறது என்று 1937-ல் ஜெஃப்ரி ஹாரிஸ் காட்டினார். மூளை இரத்தத்துக்குள் ஹார்மோன் எழுதுகிறது என்ற துறையே பெரும்பாலும் அங்கிருந்துதான் வளர்ந்தது. வேகஸ் நரம்பைத் தூண்டினால் நச்சேற்றிய எலியின் இரத்தத்தில் அழற்சிப் புரதம் குறைகிறது என்று 2000-ல் கெவின் டிரேசியின் குழு எழுதியது தனிக் கதை, இங்கே அதற்குள் போகவில்லை.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. இந்தத் துறையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அதில்தான். ஆய்வுக்காக எலியின் தலையைச் சட்டத்தில் பொருத்தி, மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் மின்முனையை இறக்குவோம். 100 மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம். வால் நுனியிலிருந்து இரத்தம். முதல் எட்டு எலிகளிலும் சர்க்கரை அழகாக ஏறியது. எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்புறம் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த எலிகள். மின்முனை இறக்கினோம், மின்சாரம் விடவில்லை. அவற்றிலும் சர்க்கரை ஏறியது, ஏறக்குறைய அதே அளவுக்கு. மூன்று வாரம் தூக்கமில்லை. கடைசியில் காரணம் மயக்க மருந்து. நாங்கள் பயன்படுத்திய ஈதர் தானாகவே பரிவு நரம்பு மண்டலத்தைக் கிளறிச் சர்க்கரையை ஏற்றிவிடும். இன்றைக்குப் பல ஆய்வகங்களில் கெட்டமினுடன் கலந்து கொடுக்கும் சைலசீனும் அப்படித்தான், அது கணையத்தில் இன்சுலின் சுரப்பையே அடக்கிவிடும். இதோடு, எலியைக் கையில் தூக்கினாலே கார்டிகோஸ்டீரான் ஏறும். அந்த எட்டு எலிகளின் முடிவையும் ஓரமாக வைத்துவிட்டு, மின்முனையை நிரந்தரமாகப் பொருத்தி, ஒரு வாரம் ஆறவிட்டு, தினமும் கையில் எடுத்துப் பழக்கி, விழித்திருக்கும் எலியில் மறுபடியும் தொடங்கினேன். சர்க்கரை ஏறியது, முன்பைவிடக் குறைவாக. அது உண்மையான ஏற்றம். அதற்குப் பிறகு மூளைத் தூண்டல் பற்றிய எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது மயக்க மருந்தின் பெயரையும், மின்சாரம் விடாத எலிகளின் எண்களையும்தான்.

அந்த எலிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த அறிவு முழுவதும் அவற்றின் உடம்பிலிருந்து எடுத்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது, இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது. அது சரியான ஏற்பாடு. ஒப்பீட்டு எலிகளை ஒழுங்காக வைக்காத சோதனை அந்த விலங்குகளை வீணாக்குகிறது. நான் வீணாக்கிய எட்டு எலிகள் இன்னும் மனதில் இருக்கின்றன.

மின்முனைக்கு இன்னொரு குறை உண்டு. நுனியைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் அது தூண்டும், அந்த வழியாகச் சும்மா கடந்து போகும் நரம்பிழைகளையும் சேர்த்து. ஷிமாசு தூண்டியது அந்தத் திரளின் செல்களையா, பக்கத்தில் போகும் கம்பிகளையா என்ற கேள்வி பல வருடம் தொங்கிக்கொண்டே இருந்தது. 2005-ல் ஒளி பட்டால் இயங்கும் புரதத்தை நரம்புச் செல்லில் வைக்கும் முறை வந்த பிறகுதான் இதற்கு விடை கிடைத்தது. 2016-ல் ஓர் அமெரிக்கக் குழு சுண்டெலியின் அதே நடுத்திரளில் ஒரே வகைச் செல்களை மட்டும் ஒளியால் தூண்டியது. சர்க்கரை நீரிழிவு அளவுக்கு ஏறியது. அதே செல்களை அடக்கினால், இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கியபோது சுண்டெலியால் சரியாக மீள முடியவில்லை. ஐம்பது வருடப் பழைய முடிவு புதிய கருவியிலும் நின்றது. அதே 2016-ல் காந்தப் புலத்தால் மூளைச் செல்லைத் தூண்டிச் சர்க்கரையை ஏற்றி இறக்கியதாக ஒரு பெரிய கட்டுரையும் வந்தது. அதற்காகச் செல்லில் வைத்த புரதத்தில் இருக்கும் இரும்பு இவ்வளவு விசையையோ வெப்பத்தையோ தரவே முடியாது என்று இயற்பியல் கணக்குப் போட்டு மார்கஸ் மைஸ்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் மறுத்தார். எனக்கு மைஸ்டரின் கணக்கு சரியாகவே படுகிறது.

கடந்த சில வருடங்களில் வந்தவற்றில் என்னைக் கவர்ந்தவை மூன்று. ஒன்று 2018-ல். ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் ஓசிடி (OCD) நோய்க்காக மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தியிருந்தவர்களுக்கு, அந்தத் தூண்டல் நடக்கும்போது இன்சுலின் நன்றாக வேலை செய்தது தெரியவந்தது. அதே இடத்தில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பதில் தரும் செல்களைச் சுண்டெலியில் ஒளியால் தூண்டியபோதும் அதே விளைவு. இன்பத்துக்கும் ஊக்கத்துக்கும் பேர்போன இடம் அது. அங்கிருந்து இன்சுலினுக்கு ஒரு கயிறு போகிறது என்பதை என் மாணவப் பருவத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாவது 2022-ல். கல்லீரல் வாயிலில் இருக்கும் நரம்புப் பின்னலின் மீது ஒலியலையைக் குவித்து, நீரிழிவு உள்ள சுண்டெலி, எலி, பன்றி ஆகியவற்றில் சர்க்கரையைச் சீராக்கினார்கள். இது மூளையைத் தொடாமல், அதன் தந்திக் கம்பியின் கடைசி முனையைத் தட்டுவது. மூன்றாவது 2023-ல். மண்டையைத் திறக்காமல் ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் ஒலியலையைக் குவித்தபோது சுண்டெலியின் உடல் வெப்பம் சுமார் 3 டிகிரி இறங்கியது, இதயம் மெதுவானது, சர்க்கரையும் கொழுப்பும் கலந்து எரித்துக்கொண்டிருந்த உடல் கொழுப்பை மட்டும் எரிக்கத் தொடங்கியது. குளிர்தூக்கம் போன்ற அந்த நிலையை 24 மணி நேரம்வரை வைத்திருந்தார்கள். இயல்பாக அப்படித் தூங்காத எலியிலும் ஓரளவு நடந்தது.

இந்த ஊரிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. மூளையின் ஆழத்துக்கு மில்லிமீட்டர் துல்லியத்தில் போகும் அறுவை முறையை மதராஸில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் 1960-களிலேயே செய்துகொண்டிருந்தார்கள். எலியின் தலையில் நாங்கள் மாட்டிய சட்டமும் அவர்கள் மனிதர் தலையில் மாட்டிய சட்டமும் ஒரே யோசனையின் இரண்டு அளவுகள்தான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பார்கள். தலையில் மாட்டிக்கொண்டால் சர்க்கரை குறையும் என்று விற்கிற பட்டைகளை வாங்காதீர்கள். மேலே சொன்ன எதிலும் நெற்றித் தோலில் ஒட்டும் மின்தகடு இல்லை. ஹைப்போதலாமஸ் மண்டையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் விளைவே தலைகீழாகும் இடத்தை நெற்றியிலிருந்து யாரும் குறிபார்க்க முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அதை நம்புகிறவர்களைப் பற்றி நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி உங்கள் பூனைக்கு வருகிறேன். டாக்டர் சொன்னது சரி. பூனைகளில் இந்த ஏற்றம் நாய்களைவிடப் பலமாக இருக்கும், அதுவும் பிடிக்கும்போது திமிறினால் இன்னும் அதிகம். திமிறும் தசையிலிருந்து லாக்டேட்டும் கூடவே ஏறும். ஒருமணி, ஒன்றரை மணி நேரத்தில் பொதுவாக இறங்கிவிடும், பயம் நீடித்தால் இன்னும் தாமதமாகலாம். வீட்டில் வந்த 94-ஐ நம்பலாம். ஆனால் நீங்கள் பயன்படுத்தியது மனிதர்களுக்கான கருவி என்றால் பூனை இரத்தத்தில் அது கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதை மனதில் வையுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் டாக்டரிடம் ஃபிரக்டோசமின் சோதனை கேளுங்கள். முந்தைய இரண்டு, மூன்று வாரத்துச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும், ஒரு மணி நேரத்துப் பயம் அதை அசைக்காது.

சாப்பிடாமல் இருந்தது தனி விஷயம், அதைச் சர்க்கரையோடு சேர்த்து விட்டுவிடாதீர்கள். பூனை நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், அது ஆபத்து. அடுத்த முறை கூட்டிப்போகும்போது கூடைக்குள் அது படுக்கும் துணியையே விரித்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, நாய்கள் இல்லாத பக்கமாகக் கூடையை உயரத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முடிந்தால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.